மிஞ்சிய அட்டை

டிசம்பர் 28, சனி

இன்று நாற்பது அட்டை எழுதி முடித்தேன். இன்னும் நூற்று நாற்பத்தாறு இருக்கிறது.

எங்கள் ஞானியார்விளைச் சபையில் நூற்று எண்பத்தாறு குடும்பங்கள். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒருவர் முன்னால் வந்து மரப்பெட்டியில் கைவிட்டு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். மடித்த அட்டைக்குள் ஒரு வேதவசனம் இருக்கும். அந்த வருடம் முழுவதற்கும் தேவன் அந்த வீட்டுக்குச் சொன்ன வார்த்தை அதுதான். சுவரில் ஒட்டிவைப்பார்கள். வர முடியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டார் எடுத்துப்போவார்கள். பெட்டி காலியாகத்தான் திரும்பும். மற்ற ஊர்களில் அச்சடித்த அட்டை வந்துவிட்டது. இங்கே, நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பதின்மூன்று வருடமாக, என் கையெழுத்துதான்.

என் மனைவி சுகிர்தம் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தாள். "கணக்கு வாத்தியார் எழுத்துல்லா. வசனமெல்லாம் கூட்டல் கணக்கு மாதிரி வரிசையா நிக்கு" என்றாள்.

அவளுடைய இடது மார்பில் இருக்கும் கட்டி நல்ல கட்டி இல்லை என்று திருநெல்வேலியில் போன வாரம் சொல்லிவிட்டார்கள். பரவவில்லை, இப்போதே எடுத்துவிட்டால் இன்னும் இருபது வருடம் என் தலையில் குட்டிக்கொண்டு இருப்பாள் என்று டாக்டரம்மா சிரித்தபடி சொன்னார். ஜனவரி இருபதாம் தேதி ஆபரேஷன்.

மடித்துக்கொண்டே கேட்டாள்: "உள்ள நீங்க வர முடியாதுல்லா?"

"தியேட்டருக்குள்ள எனக்கு என்ன வேலை? டாக்டருக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கணுமா?"

அவள் சிரிக்கவில்லை. அடுத்த அட்டையை எடுத்தாள்.

டிசம்பர் 30, திங்கள்

கோழிக்கூட்டின் தாழ்ப்பாளைச் சரி செய்தேன். தண்ணீர் வந்தது; இரண்டு தொட்டியும் நிரப்பினேன்.

சுகிர்தம் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "போகாட்டா என்ன செய்யும்?" என்று காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை கேட்டாள். பெங்களூரிலிருந்து மகள் பியூலா போனில் ஒரு மணி நேரம் பேசியும் பலனில்லை. எதற்கு இவ்வளவு பயம் என்று எனக்குப் புரியவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் பாம்பைக்கூட அவள்தான் அடித்திருக்கிறாள், நான் இல்லை.

ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்த ஒருநாள், ஐந்தாம் வகுப்பில் கமலாவதி என்ற பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை, எல்லாம் தெரியும், பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சாக்பீஸ் எடுப்பது போல் குனிந்து விடையை அதன் காதில் சொன்னேன். பளிச்சென்று எழுந்து சொல்லிவிட்டது. தெரிந்த பிள்ளைக்குத் தைரியம் கொடுப்பது ஏமாற்று ஆகாது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

நூற்று எண்பத்தாறும் முடிந்தது. ஒன்று கூடுதலாக எழுதினேன்.

ஜனவரி 1, புதன்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சுகிர்தம் இன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

வழக்கம்போல் ஐயர் பெட்டியைப் பிடித்திருந்தார். (எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) நான் பக்கத்தில் நின்று குடும்பப் பெயர்களை வாசித்தேன். பத்துப் பெயருக்கு ஒருமுறை அட்டைகளைக் கலைத்துவிடுவதும் என் வேலை. சுகிர்தம் எப்படி எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மேலே இருப்பதை எடுப்பாள். கிளறமாட்டாள். "கிளறினா அது நம்ம இஷ்டம். மேல இருக்கதுதான் அவரு இஷ்டம்" என்பாள்.

எங்கள் பெயர் வருவதற்கு முன்னால் அட்டைகளைக் கலைத்தேன். நான் கையை எடுத்தபோது, என் சட்டைப்பையில் இருந்த கூடுதல் அட்டை மேலே இருந்தது.

அவள் அங்கேயே பிரித்து வாசித்தாள். நீ சாகமாட்டாய், உயிரோடிருந்து தேவன் செய்ததைச் சொல்லுவாய் என்று பொருள்படும் சங்கீத வசனம். நடு ஆலயத்தில் முழங்காலிட்டுவிட்டாள். பெண்கள் பக்கம் பாதிப்பேர் அழுதார்கள். எனக்கும் கண் நிறைந்துதான் இருந்தது.

இனி ஆபரேஷனுக்குத் தைரியமாக வருவாள்.

ஜனவரி 2, வியாழன்

காலையில் கோயில்குட்டி யோபு வந்தான். ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கிறவன். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கையில் ஒரு அட்டை.

"சார், பெட்டியில ஒண்ணு மிஞ்சிக் கெடந்துச்சு. எல்லா வீட்டுக்கும் கேட்டுட்டேன், எல்லாருக்கும் கெடச்சாச்சு. கணக்குல நீங்க தப்பவே மாட்டியளே?"

"வயசாகுதுல்லா யோபு."

"எங்களுக்குத் தப்புனப்ப மட்டும் வெரல நீட்டச் சொல்லி அடிச்சியளே சார்!" என்று சிரித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான்.

அட்டையை இந்த டைரியின் பின்னட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்க்க அவசியமில்லை.

ஜனவரி 6, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு என்று எடுத்துவைத்திருந்த பையிலிருந்து சேலைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுத?"

"ஆபரேஷன் வேண்டாங்க. அவரே சொன்னப்புறம் கத்திய நம்பிப் போனா, அவர நம்பலன்னுதானே அர்த்தம்?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது.

ஜனவரி 9, வியாழன்

ஐயரை அழைத்துவந்தேன். சின்ன வயசு, நல்ல மனிதர். சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"அம்மா, டாக்டரையும் கர்த்தர்தானே வச்சிருக்கார்? மருந்தும் விசுவாசமும் பங்காளிச் சண்டைக்காரங்க இல்லம்மா."

"ஐயரே, அன்னைக்குப் பெட்டிய யாரு பிடிச்சிருந்தா?"

"நான்தாம்மா."

"நான் கண்ண மூடித்தானே எடுத்தேன்?"

"ஆமா."

"கிளறினேனா?"

"இல்லம்மா."

"பின்ன?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சுகிர்தம் சாட்சி சொன்னாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். கூட்டத்தில் பேசவே கூச்சப்படுகிறவள், அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, இனி கத்தி வேண்டாம் என்று விட்டதைக் கால் மணி நேரம் சொன்னாள். முன்வரிசையில் யோபுவின் மனைவி லில்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி இருந்தாள். அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி.

ஜனவரி 16, வியாழன்

பியூலா அழுதாள். "நீங்க சொன்னா அம்மா கேப்பா. இத்தன வருசத்துல நீங்க சொல்லி அவ கேக்காதது எதுப்பா?"

"சொல்லிப் பார்க்கிறேன்" என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

நாளை தேதி. இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆலயத்திலிருந்து வந்தேன்.

மத்தியானம் சாளை மீன் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, பாயில் படுத்து, குழந்தை போலத் தூங்கினாள். மாதக்கணக்கில் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்ததும் சொல்லலாம். சொன்னால், இந்தத் தூக்கம் போகும். அதோடு போகுமா? பதின்மூன்று வருடமாக நூற்று எண்பத்தாறு வீட்டுச் சுவரில் என் எழுத்து ஒட்டியிருக்கிறது. எது பெட்டி கொடுத்தது, எது வாத்தியார் கொடுத்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார்கள்.

கரும்பலகையில் முதல் வரியில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால் கணக்கு முழுவதையும் அழிக்க வேண்டும். வகுப்பு முழுவதும் அதை நோட்டில் எழுதி முடித்த பிறகு, அழிக்க எந்த வாத்தியாருக்குக் கை வரும்?

எழுந்ததும், "என்ன அப்படிப் பாக்கிய?" என்றாள்.

"காப்பி போடட்டுமா?" என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. உப்புத்தண்ணீர் தெளித்தேன்.

மார்ச் 5, புதன். சாம்பற்புதன்

ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்கள் தொடங்கிவிட்டன. சுகிர்தம் ஒரு பொழுது இருப்பேன் என்கிறாள். வேண்டாம் என்றேன். கட்டி பெரிதாகியிருக்கிறது. சேலையை வேறு மாதிரி கட்டுகிறாள்.

கமலாவதியின் கதையை டிசம்பரில் பாதிதான் எழுதியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் அவள் முதுகில் தட்டிவிட்டு, "சபாஷ், இது எப்படி வந்தது? பலகையில் போட்டுக் காட்டு" என்றார். அவளுக்குத் தெரிந்த கணக்குதான். ஆனால் நான் சொன்ன விடையை வாங்கிக்கொண்டதும் அவளுடைய கணக்கு அவளை விட்டுப் போய்விட்டது. பலகைக்கு முன்னால் நின்று அழுதாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டருக்கு வந்த பியூலா விடவில்லை. சண்டை போட்டு, காரில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனாள். ஈரல், முதுகெலும்பு இரண்டிலும் இருக்கிறதாம். டாக்டரம்மா இந்த முறை சிரிக்கவில்லை. "ஜனவரில ஏன் சார் வரல?" என்று என்னைத்தான் கேட்டார்.

"அவளுக்கு விசுவாசம்" என்றேன். என் வாயால் அப்படித்தான் சொன்னேன்.

மே 17, சனி

வலி மாத்திரை ஆறு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. கஞ்சியில் உப்பு போடக்கூடாது. படுக்கை விரிப்பு இரண்டு துவைத்தேன்.

ஜூன் 11, புதன்

முழுவதும் எழுத வேண்டும்.

மத்தியானம். அவள் கட்டிலில். நான் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நான் எங்க தப்புனேன்?" என்றாள்.

"என்ன தப்பு?"

"அவரு பொய் சொல்லமாட்டாரு. அப்ப தப்பு என்கிட்டதானே? எது எதுன்னு தேடிட்டே கெடக்கேன். அக்கா மகளுக்கு வந்த மாப்பிள்ளையப் பத்தி அப்ப நான் ஒரு வார்த்த சொல்லி, கல்யாணம் நின்னு போச்சுல்லா? அதாத்தான் இருக்கும். நேத்து அக்காவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது ஞாபகமே இல்ல. அப்ப அது இல்லையா? வேற என்ன? எதக் கொண்டு நான் இந்த வாக்கக் கெடுத்தேன்?"

ஒரு பிள்ளை, விடைத்தாளில் வாத்தியார் போட்ட தப்புக்குத் தன்னைத்தானே அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு கீரை ஆய முடியாது.

சொன்னேன். சட்டைப்பையில் வைத்ததைச் சொன்னேன். மேலே வைத்ததைச் சொன்னேன். ஆபரேஷனுக்குப் போகத் தைரியம் வரட்டும் என்றுதான் செய்தேன் என்பதையும் சொன்னேன். ஜனவரி பத்தொன்பதாம் தேதி அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன்.

கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப எனக்குள்ளது எது?"

"என்ன?"

"நீங்க வச்சத நான் எடுத்தேன். அப்ப எனக்குன்னு பெட்டியில இருந்தது எங்க?"

"ஒண்ணு மிஞ்சிச்சு. மறுநாள் யோபு கொண்டுவந்து தந்தான்."

"என்ன போட்டிருக்கு?"

"பிரிச்சுப் பாக்கல."

"அஞ்சு மாசமாவா?"

எழுந்துபோய் இந்த டைரியை எடுத்துவந்தேன். பின்னட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவளால் வாசிக்க முடியாது. "நீங்களே வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். நீ போகிற இடமெல்லாம் நானும் வருவேன், உன்னைத் தனியே விடமாட்டேன் என்று சொல்லுகிற வசனம். என் எழுத்துதான். என் எழுத்தை முதல் தடவை வாசிப்பது போல் இருந்தது.

சுகிர்தம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது வந்திருந்தா நான் போயிருப்பேனே" என்றாள். "எனக்குச் சாவு ஒண்ணும் பயமில்ல. அந்தக் கதவுக்குள்ள ஒத்தையில போகணுமேன்னுதான் பயந்தேன். உங்ககிட்ட கேட்டேன்லா, உள்ள நீங்க வர முடியாதுல்லான்னு? இது வந்திருந்தா எந்திச்சுப் போயிருப்பேனே."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அட்டையை வாங்கிக்கொண்டு கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

கர்த்தர் தாமே செய்ய இருந்த வேலை அது. அவசரப்பட்டு நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று கஞ்சி கொடுக்கும்போது பேசினாள்.

"சங்கத்துல நான் சாட்சி சொன்னேன்லா? அது பொய்ச்சாட்சியாப் போச்சு. எனக்கு எந்திக்க முடியாது. நீங்கதான் போய்ச் சொல்லணும். லில்லி என்னப் பாத்து மாத்திரைய நிறுத்திட்டாளாம். அவளுக்காச்சும் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"சபைக்கு முன்னால சொல்லணும். நான் எல்லாரு முன்னாலயுந்தானே சொன்னேன்."

"சரி."

என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுவாள். அதனால் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

லில்லியைப் பார்த்து மாத்திரை சாப்பிடும்படி சொன்னேன். "அம்மா ஆபரேஷனுக்குப் போகலையே சார்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். நடந்து போனதில் முழங்கால் வலி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை ஏழேகாலுக்கு, முதல் மணி அடிக்கும்போது, சுகிர்தம் கர்த்தருக்குள் நித்திரையானாள். ஆலயத்துக்குக் கிளம்ப நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று அடக்க ஆராதனை. சுவரில் இருந்த அட்டையை யாரோ எடுத்துப்போய் ஐயரிடம் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்தே பிரசங்கம் செய்தார். சாகமாட்டாய் என்று சொன்னது நித்திய ஜீவனைத்தான் என்றார். ஜனங்கள் ஆமென் என்றார்கள். சவப்பெட்டிக்குத் தலைமாட்டில் நான்தான் நின்றேன். ஒரு அடி எடுத்துவைத்து, வாயைத் திறந்தால் போதும். பியூலா மயங்கி விழப்போனாள், அவளைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்தது.

மற்ற அட்டை அவள் கையில் மடங்கி இருந்தது. அது அவளோடு போய்விட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பியூலாவிடம் போனில் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டாள். "சரிப்பா, வைக்கேன்" என்றாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

பியூலா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வாய்ப்பாடு சொல்வது போல் இருக்கிறது. வரிசை தப்பாமல் வருகிறது. யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

லில்லிக்கு வலது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வராந்தாவில் யோபு தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். இந்த வயதிலும் எழுந்து நிற்கிறான்.

"புண்ணு வந்தப்பவே மாத்திரைய ஆரம்பிட்டின்னு சொன்னேன் சார், கேக்கல. நம்ம அம்மாவ மாதிரி விசுவாசமா இருக்கேன்னு சொன்னா. அம்மா விசுவாசம் பெருசு சார், இவளுக்கு அந்த அளவுக்கு இல்ல போல. அதான் கர்த்தர் கேக்கல."

கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 20, சனி

ஐயர் வெற்று அட்டைக் கட்டைக் கொண்டுவந்தார். கை நடுங்குகிறது, எழுத முடியாது என்றேன். "பாவம், துக்கம் ஆறல" என்று கூட வந்திருந்த தன் மனைவி ஐயரம்மாவிடம் சொல்லியபடி எடுத்துப்போனார். இந்த வருடம் ஐயரம்மா எழுதுகிறார்.

டிசம்பர் 31, புதன்

வெள்ளை வேட்டியைத் துவைத்து மடித்துவைத்தேன். கோழிகளுக்கு இரண்டு நாளைக்கான தீவனம் வைத்தாயிற்று. ஏன் இரண்டு நாளைக்கு என்று தெரியவில்லை.

ஜனவரி 1, வியாழன்

என் பெயரை ஐயர்தான் வாசித்தார். முன்னால் போனேன். பெட்டியில் கைவிடவில்லை. திரும்பி நின்றேன்.

முப்பத்துநான்கு வருடம் வகுப்பில் பேசியவன். இன்று சத்தம் எழும்பவில்லை. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொன்னதும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சட்டைப்பை. மேலே வைத்தது. மிஞ்சிய அட்டை. பத்தொன்பதாம் தேதி. சுகிர்தம் சொன்ன சாட்சியில் பொய் அவளுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். லில்லிக்கு விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது யோபுவைத் தேடினேன். மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான்.

கமலாவதியின் கதையை உதாரணமாகச் சொல்லவில்லை.

ஒரு குழந்தை மட்டும் அழுதது. ஐயர் அடுத்த குடும்பத்தின் பெயரை வாசித்தார். அவர்கள் தயங்கி, பிறகு வந்து அட்டை எடுத்தார்கள். நான் நடுவழியாக நடந்து வெளியே வந்தேன். செருப்பு மாட்டும்போது அடுத்த பெயர் கேட்டது. அதற்கடுத்த பெயரும் கேட்டது.

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். கோழிகளைத் திறந்துவிட்டேன்.

வராத குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டார் எடுத்துக்கொண்டு வருவது வழக்கம். பக்கத்து வீட்டார் ஆலயத்திலிருந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்படியானால் பெட்டியில் ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும். பெட்டியைத் துடைத்து வைப்பது யோபுவின் வேலை. அவன் கண்ணில் படாமல் போகாது.

மணி மூன்றாகிவிட்டது. ஒருவேளை வந்தால் கொடுக்கலாம் என்று கருப்பட்டிக் காப்பி போட்டு வைத்தேன். இரண்டு தடவை சூடாக்கியாயிற்று. வாசல் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

யோபு இன்னும் வரவில்லை.